ஐந்தாம் அங்கம்

பழைய நாடகத்தில் அவன் அரசன்.
நான் அவனை மணல் காண்ட்ராக்டர் ஆக்கினேன்.
கிரீடத்துக்குப் பதில் குவாரி உரிமம்.
வெண்கொற்றக் குடைக்குப் பதில்
கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வெள்ளை வண்டி.
நாற்பது விருத்தங்களைப் பிழிந்து
நாலு கெட்ட வார்த்தை எடுத்ததற்கு
கும்பகோணம் லாட்ஜில் இயக்குநர்
என் கையை வெகுநேரம் குலுக்கினார்.

கதை சின்னதுதான்.
காட்டிக்கொடுத்தவன் எவனானாலும் விடமாட்டேன் என்று
சபையில் சொல்லிவிடுகிறான்.
காட்டிக்கொடுத்தவன் அவன் பிள்ளை.
சொன்ன சொல் முன்னே நடக்க
பின்னே இவன் நடக்கிறான்
கடைசி அங்கம்வரை.

நாடகத்தில் கொலையைக் காட்டமாட்டார்கள்.
திரைக்குப் பின்னால் ஒற்றை மத்தள அடி.
பிறகு தூதுவன் வருவான்.
அவன் வாயைத் திறக்குமுன்பே
அரசன் தரையில் உட்கார்ந்துவிடுவான்.

“தூதுவனப் பாக்க யாரு சார் டிக்கெட் எடுப்பா?”
தயாரிப்பாளர் கேட்டார். நியாயம்தான்.
சிவப்பு மையால் ஒரு கோடு.
தூதுவன் போனான்.

பங்குனி. கொள்ளிடம் எலும்பாகக் கிடந்தது.
அணைக்கரைக்குக் கீழே, நாணல் ஓரம்,
பிள்ளையைப் புதைக்க
ஜேசிபி வைத்துப் பன்னிரண்டடி தோண்டினோம்.
மணல் கொள்ளைப் படத்துக்குத் தோண்டிய மணலில்
விடிவதற்குள் மூன்று லோடு காணவில்லை.
யூனிட்டே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அடியாள் வேஷத்துக்கு வந்த
லாரி டிரைவர் தவசீலன் கேட்டான்:
“அந்தப் பையன் ஏன் சார் ஓடல?”
விதி, குலப்பெருமை என்று நான் ஆரம்பித்தேன்.
அவன் பீடியை மணலில் குத்தி அணைத்தான்.
“அதெல்லாம் இல்ல சார்.
இந்தப் பக்கம் மண்ணியாறு, அந்தப் பக்கம் கொள்ளிடம்.
பாலத்துக்குப் பாலம் ஒரு மாமன் நிப்பான்.
எங்க ஓடுறது?”
அப்படியே எழுதிக்கொண்டேன்.
படத்தில் நல்ல வசனம் அது ஒன்றுதான்.

கடைசி நாள் சாயங்காலம்
மதகு லஸ்கர் குஞ்சிதபாதம் மொபெட்டில் வந்தார்.
ஷூட்டிங்கை ஏறிட்டும் பார்க்கவில்லை.
குழியைத்தான் எட்டிப் பார்த்தார்.
“மூடிட்டுப் போங்க.
தண்ணி வந்துட்டா மேலாக்கச் சமமாத்தான் தெரியும்.
பசங்க குளிக்கிற எடம்.”
ஆகட்டும் என்றேன்.
மேனேஜரிடம் சொன்னேன், அவரும் ஆகட்டும் என்றார்.
ஜேசிபிக்கு மணி வாடகை;
அந்த ஒரு மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
என் கையிலிருந்த ஐந்தாம் அங்கத்தின் பின்பக்கம்
தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு
ஷட்டரைப் பார்க்கப் போனார்.

ஆடியில் யாரோ படம் அனுப்பினார்கள்:
கரை தொட்டுக் கரை தண்ணீர்.
எங்கே தோண்டினோம் என்று தேடினேன்.
அழகாக இருந்தது.
போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி. அதே கும்பகோணம். முதல் காட்சி.
பால வசனத்துக்கு விசில்.
தவசீலன் பெயரைச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள்.
பிறகு ட்ரோன் மேலே ஏற,
வெள்ளை மணலில் அந்தக் குழி
இமையில்லாத கண் மாதிரித் திறந்துகொண்டது.
அரங்கம் மூச்சை நிறுத்தியது.
எந்த மௌனத்துக்காக எழுதினேனோ
அந்த மௌனம்.

அதற்குள் என் சட்டைப்பை அதிர்ந்தது.
லஸ்கர் அணைக்கரை.

ஏழு மாதத்தில் ஒருநாளும் கூப்பிடாதவர்.
பாஸ் கேட்பாராக இருக்கும்.
பேத்தி படம் பார்க்கணும் என்றிருக்கும்.
மழைக்காலம், தெரியாமல் கை பட்டிருக்கும்.

திரையில் தகப்பன் துப்பாக்கியைத் துடைக்கிறான்.
நாடகமானால் இந்த இடத்தில் மத்தளம்.
போன் ஓய்கிறது.
மறுபடி அதிர்கிறது.

துணி வழியே வெளிச்சம் கசிய
பக்கத்து இருக்கைக்காரர் திரும்புகிறார்:
“எடுத்துப் பேசுங்க சார்,
இல்லன்னா ஆஃப் பண்ணுங்க.”